கப்பல் தாங்கியில் ஒரு சென்ரிமீற்றர்: இறங்கிய எரிபொருளின் அளவை அறிவது எவ்வாறு?

எரிபொருள் விலை ஏறும் போதும் இறங்கும் போதும் நாட்டில் பெரும் விவாதங்கள் எழுகின்றன. உலகச் சந்தை விலை, டொலரின் பெறுமதி, வரி, நிறுவனங்களின் இலாபம் என்பன பற்றியெல்லாம் பேசப்படுகின்றது. ஆயினும் இவை அனைத்துக்கும் முன்னர் எழ வேண்டிய எளிய வினா ஒன்று உண்டு. வந்த கப்பலில் இருந்த எரிபொருள் எவ்வளவு என்பதை நாம் எவ்வாறு அறிகின்றோம்? பணம் கொடுத்து வாங்கிய அளவும் கரையில் இறங்கிய அளவும் ஒன்றுதானா என்பதை யார், எதைக் கொண்டு தீர்மானிக்கின்றனர்?

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கியூ.ஆர். குறியீட்டு முறை அறிமுகமான வேளையில் மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரத்திற்கு 4 லீற்றர் பெற்றோலே வழங்கப்பட்டது. அந்த 4 லீற்றருக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். நிரப்பு நிலையத்தில் ஒவ்வொரு லீற்றரையும் கண்கொட்டாது பார்த்து நின்ற நாம், அந்த லீற்றர்கள் கப்பலில் எவ்வாறு எண்ணப்படுகின்றன என்பதை அறிந்து வைத்திருப்பதும் அவசியமாகும்.

நிறுக்க முடியாத சரக்கு

அரிசியும் சீமெந்தும் மூடைகளில் வருகின்றன. அவற்றை எண்ணலாம், தராசில் நிறுக்கலாம். எண்ணெய்க் கப்பலின் தாங்கியை எந்தத் தராசிலும் ஏற்ற முடியாது. குழாய்களில் பொருத்தப்படும் பாய்ச்சல் மானிகள் சில துறைமுகங்களில் பயன்படுத்தப்படுகின்ற போதிலும், உலகின் பெரும்பாலான இடங்களில் கப்பலின் தாங்கியிலும் கரையிலுள்ள தாங்கியிலும் திரவ மட்டத்தை அளந்து, அதிலிருந்து கனவளவைக் கணிக்கும் முறையே இன்றும் அடிப்படையாக உள்ளது. நிரப்பு நிலைய ஊழியர் நிலத்தடித் தாங்கியினுள் அளவுகோலை விட்டு எடுத்து, நனைந்த அடையாளத்தைப் பார்ப்பதைப் பலரும் கண்டிருப்போம். கப்பலில் நடப்பதும் அடிப்படையில் அதுவேயாகும். ஆனால் அங்கு ஒரு சிறு பிழையின் பெறுமதி முற்றிலும் வேறானது.

உதாரணமாக, 40,000 கன மீற்றர் பெற்றோலைப் பத்துத் தாங்கிகளில் ஏற்றி வரும் கப்பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தாங்கியும் 20 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்டது எனின், அதன் பரப்பளவு 400 சதுர மீற்றர் ஆகும். ஒரு தாங்கியில் திரவ மட்டம் ஒரு சென்ரிமீற்றர் தவறாக வாசிக்கப்பட்டால் 4,000 லீற்றர் வேறுபாடு ஏற்படும். பத்துத் தாங்கிகளிலும் அதே தவறு ஒரே பக்கமாக நேர்ந்தால் வேறுபாடு 40,000 லீற்றர். எமது வீதிகளில் ஓடும் 33,000 லீற்றர் கொள்ளளவுள்ள பெரிய பவுசர் ஒன்றில் அடங்காத அளவு அது. 2022 இன் பங்கீட்டின்படி பார்த்தால் 10,000 மோட்டார் சைக்கிள்களின் ஒரு வாரப் பங்கு. விரல் நகத்தின் அகலமே உள்ள ஒரு சென்ரிமீற்றருக்குள் இவ்வளவும் அடங்கியுள்ளது.

மேலிருந்தா, கீழிருந்தா?

தாங்கியிலுள்ள திரவத்தை இரு வகையில் அளக்கலாம். அடித்தளத்திலிருந்து திரவத்தின் மேற்பரப்பு வரையிலான ஆழத்தை அளப்பது ஒன்று. தாங்கியின் உச்சியிலுள்ள நிலையான குறிப்புப் புள்ளியிலிருந்து திரவத்தின் மேற்பரப்பு வரையிலான வெற்றிடத்தின் உயரத்தை அளப்பது மற்றையது. இந்த வெற்றிட உயரத்தைக் கப்பற்றொழிலில் 'அலேஜ்' என அழைப்பர்.

நிறைந்திருக்கும் தாங்கிகளில் பெரும்பாலும் இரண்டாவது முறையே கையாளப்படுகின்றது. தாங்கி ஏறத்தாழ நிறைந்திருக்கும் போது மேலேயுள்ள வெற்றிடம் ஒரு சில மீற்றர்கள் மாத்திரமே. எனவே அளவு நாடாவைச் சிறிதளவு இறக்கினாலே போதும். மேலும் மசகு எண்ணெய் கொண்டுவரும் கப்பல்களின் தாங்கிகளில் அடியில் கசடு படிந்திருக்கலாம். அவ்வாறாயின் நாடாவின் நுனியிலுள்ள உலோகக் குண்டு உண்மையான அடித்தளத்தைத் தொடாது கசட்டின் மேலேயே நின்றுவிடும். மேலிருந்து அளக்கும் போது இச்சிக்கல் எழுவதில்லை. தாங்கி ஏறத்தாழ வெறுமையாகியுள்ள வேளையில், எஞ்சியுள்ள சிறிதளவு திரவத்தை அறிய ஆழத்தை அளப்பதே பொருத்தமானது.

அளந்த உயரம் எவ்வளவு கனவளவுக்குச் சமம் என்பதை அந்தக் கப்பலுக்கென்றே தயாரிக்கப்பட்ட தாங்கி அட்டவணை கூறும். கப்பல் கட்டப்படும் போதே ஒவ்வொரு தாங்கியும் அளவிடப்பட்டு இந்த அட்டவணை ஆக்கப்படுகின்றது. ஆயினும் அது கப்பல் முன்னும் பின்னும் சமமாக, எப்பக்கமும் சாயாது மிதக்கின்றது என்ற அடிப்படையில் அமைந்தது. யதார்த்தத்தில் கப்பல் அவ்வாறு மிதப்பது அரிது.

சாய்வும் அலையும்

சரக்கை இறக்கும் கப்பல் பெரும்பாலும் பின்புறம் சற்றுத் தாழ்ந்தே நிற்கும். எஞ்சிய எண்ணெய் உறிஞ்சு குழாயை நோக்கி வடிந்து வருவதற்காகக் கப்பலை வேண்டுமென்றே அவ்வாறு வைப்பதும் உண்டு. கப்பல் சாயும் போது உள்ளிருக்கும் திரவத்தின் மேற்பரப்பு சாயாது. அது கடல் மட்டத்துக்குச் சமாந்தரமாகவே நிற்கும். இதனால் தாங்கியின் பின்முனையில் திரவம் உயர்ந்தும் முன்முனையில் தாழ்ந்தும் தோன்றும்.

எமது உதாரணக் கப்பலின் நீளம் 180 மீற்றர் எனவும், அதன் பின்புறம் அணியத்தை விட 2 மீற்றர் தாழ்ந்து நிற்கின்றது எனவும் கொள்வோம். அளவெடுக்கும் துவாரம் தாங்கியின் நடுவிலிருந்து 8 மீற்றர் பின்னால் அமைந்திருந்தால், அவ்விடத்தில் திரவ மட்டம் உண்மையான சராசரியை விட ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் உயர்வாகத் தெரியும். திருத்தம் செய்யாது விட்டால் அந்த ஒரு தாங்கியில் மட்டும் 35,000 லீற்றருக்கு மேல் இல்லாத பெற்றோல் இருப்பதாகக் கணக்கில் ஏறிவிடும். இதனாலேயே அளவெடுப்பதற்கு முன்னர் கப்பலின் முன், பின் மற்றும் இரு பக்க மிதப்பு ஆழங்கள் வாசிக்கப்பட்டு, முன்பின் சாய்வுக்கும் பக்கச் சாய்வுக்கும் உரிய திருத்தங்கள் அட்டவணையிலிருந்து சேர்க்கப்படுகின்றன.

துறைமுகத்தினுள் நிற்கும் கப்பலில் இவை ஓரளவு இலகுவான காரியங்களே. முத்துராஜவெலவுக்கு அப்பால் கடலில் உள்ள மிதவை முனையத்தில் எண்ணெய் இறக்கும் கப்பலின் நிலை வேறு. அங்கு கப்பல் அலையில் அசைந்து கொண்டேயிருக்கும். தாங்கியினுள் திரவமும் ஏறி இறங்கும். அவ்வாறான வேளைகளில் ஒரே தாங்கியில் பல தடவைகள் அளவெடுத்துச் சராசரி காண்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிமுறையாகும்.

வெப்பமும் ஒரு வியாபாரி

மட்டத்தைச் சரியாக அளந்தாலும் கணக்கு முடிவதில்லை. பெற்றோல் வெப்பத்தில் விரிகின்றது, குளிரில் சுருங்குகின்றது. வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயரும் போது அதன் கனவளவு சுமார் 0.12 சதவீதத்தால் அதிகரிக்கும். 40,000 கன மீற்றர் சரக்கில் இது ஏறத்தாழ 48,000 லீற்றர் ஆகும். வெப்பமானியில் ஒரு பாகைப் பிழை, அளவு நாடாவில் ஒரு சென்ரிமீற்றர் பிழையை விடப் பெரியது என்பது இதிலிருந்து புலனாகும்.

எனவே சர்வதேச எண்ணெய் வாணிபத்தில், அளந்த கனவளவு ஒரு நியம வெப்பநிலைக்கு மாற்றப்படுகின்றது. பல நாடுகளில் அது 15 பாகை செல்சியஸ். அமெரிக்காவில் 60 பாகை பரனைட். எமது கடலில் 30 பாகையில் அளக்கப்பட்ட 40,000 கன மீற்றர் பெற்றோல், 15 பாகைக்கு மாற்றப்படும் போது ஏறத்தாழ 700 கன மீற்றர் குறைந்துவிடும். இங்கு எதுவும் களவு போகவில்லை. எரிபொருளின் திணிவு மாறவேயில்லை. அது பிடிக்கும் இடம் மட்டுமே மாறியுள்ளது. இந்த உண்மையை அறியாதோர் இரு வேறு வெப்பநிலைகளில் எடுத்த எண்களை ஒப்பிட்டு ஊழல் என்று கூக்குரலிடவும் கூடும். அறிந்தோர் இதே குழப்பத்தினுள் உண்மையான குறைவை மறைக்கவும் கூடும். இரண்டுமே ஆபத்தானவை.

தாங்கியின் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று மட்டங்களிலும் வெப்பநிலை எடுக்கப்படுவதும், மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் அடர்த்தி அறியப்படுவதும் இதனாலேயே ஆகும். அடர்த்தி தெரிந்தால்தான் கனவளவைத் தொன்களாக மாற்ற முடியும்.

அடுத்தது நீர். எண்ணெயை விடப் பாரமான நீர் தாங்கியின் அடியில் தங்கிவிடும். மட்டத்தை மாத்திரம் அளப்பவர் அந்த நீரையும் எண்ணெயாகவே கணக்கிட்டுவிடுவார். நீர் பட்டதும் நிறம் மாறும் பசையை அளவு நாடாவின் நுனியில் பூசி இறக்குவது பழைய உபாயம். எண்ணெய் முடிந்து நீர் தொடங்கும் எல்லையைத் தொட்டதும் ஒலி எழுப்பும் இலத்திரனியல் நாடாக்கள் இன்று பயன்பாட்டில் உள்ளன. திரவ மட்டம், வெப்பநிலை, நீர் எல்லை ஆகிய மூன்றையும் இந்த ஒரே கருவி அறிவிக்கின்றது.

இவற்றுடன், ஏற்றுவதற்கு முன்னரே தாங்கியில் கிடந்த எச்சமும், இறக்கிய பின்னர் எஞ்சியதும் தனித்தனியே அளந்து பதியப்பட வேண்டும். இறுதி அளவீட்டில் அவசரம் காட்டி, எஞ்சியதை வெறுமை எனப் பதிந்துவிட்டால், இறங்காத எண்ணெய்க்கும் நாடு விலை கொடுக்க நேரிடும்.

நாடாவிலிருந்து ராடர் வரை

மிதவை ஒன்றைத் திரவத்தின் மேல் மிதக்கவிட்டு, அதனுடன் இணைந்த உலோக நாடாவின் நீளத்தை மேலே வாசிப்பது ஒரு முறை. தாங்கியின் அடியில் திரவத்தின் அழுத்தத்தை உணர்ந்து ஆழத்தைக் கணிப்பது இன்னொரு முறை. பின்னையதில் திரவத்தின் அடர்த்தி சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். 1970களின் நடுப்பகுதியில் சுவீடனில் கப்பற் தாங்கிகளுக்கான ராடர் அளவி உருவாக்கப்பட்டது. தாங்கியின் உச்சியிலிருந்து அனுப்பப்படும் நுண்ணலை திரவத்தில் பட்டுத் தெறித்துத் திரும்புவதைக் கொண்டு தூரம் கணிக்கப்படுகின்றது. நுண்ணலை ஒரு மீற்றரைக் கடக்க எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் முப்பது கோடியில் ஒரு பங்கே. அந்த நேரத்தை நேரடியாக அளப்பது கடினமாதலால், அலையின் அதிர்வெண்ணைச் சீராக மாற்றிக்கொண்டே அனுப்பி, திரும்பி வரும் அலைக்கும் அவ்வேளை அனுப்பப்படும் அலைக்கும் இடையிலான அதிர்வெண் வேறுபாட்டிலிருந்து தூரம் பெறப்படுகின்றது. திரவத்தைத் தொடாமலே சில மில்லிமீற்றர் அளவுக்குத் துல்லியம் தரும் இக்கருவி இன்று பெரிய எண்ணெய்க் கப்பல்களில் பரவலாக உள்ளது.

எனினும் ராடர் வந்த பின்னரும் நாடா மறையவில்லை. சரக்குக் கைமாறும் வேளையில் அளவையாளர்கள் நாடாவைக் கையில் எடுத்து, ராடர் காட்டும் எண்ணை அதனுடன் ஒப்பிடுகின்றனர். ஒரு கருவியின் சொல்லை இன்னொரு கருவியின் சாட்சியின்றி ஏற்பதில்லை என்பதே இத்தொழிலின் தலையாய விதி எனலாம்.

உயிரைக் காக்கும் அளவீடு

இதுவரை பணத்தைப் பற்றியே பேசினோம். அளவெடுப்பவரின் உயிரும் இதில் அடங்கியுள்ளது. முற்காலத்தில் மாலுமி தாங்கியின் மூடியைத் திறந்து, குனிந்து நாடாவை இறக்கி அளப்பார். அப்போது தாங்கியினுள் இருக்கும் ஆவி அவரது முகத்தில் அடிக்கும். பெற்றோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்க வல்லது. சில மசகு எண்ணெய்களிலிருந்து வெளியேறும் ஐதரசன் சல்பைட்டு வாயு இன்னும் கொடியது. குறைந்த செறிவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் இவ்வாயு, பத்து இலட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும் போது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கியது என எண்ணுபவர் உண்மையில் பேராபத்தினுள் நிற்கின்றார்.

மற்றைய அபாயம் நிலைமின். குழாயினூடாக வேகமாகப் பாயும் பெற்றோல், டீசல் போன்ற சுத்திகரித்த எண்ணெய்கள் மின்னேற்றம் பெறுகின்றன. அவ்வேளையில் உலோக நாடாவை இறக்கினால் திரவத்துக்கும் நாடாவுக்கும் இடையே தீப்பொறி பாயலாம். ஆகையால் சடத்துவ வாயு நிரப்பப்படாத தாங்கியில் ஏற்றும் வேளையிலும், ஏற்றி முடிந்து 30 நிமிடங்கள் கழியும் வரையிலும் உலோகக் கருவிகளை இறக்கலாகாது எனச் சர்வதேசப் பாதுகாப்பு வழிகாட்டிகள் வலியுறுத்துகின்றன.

1969 டிசம்பர் மாதத்தில் மார்பெஸா, மக்ட்ரா, கொங் ஹாக்கன் VII என்னும் மூன்று மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் சில நாட்கள் இடைவெளியில் வெடித்தன. வெற்றுத் தாங்கிகளைக் கழுவும் போது தோன்றிய நிலைமின்னே அவற்றுக்குக் காரணமாகக் கருதப்பட்டது. இவ்விபத்துக்களின் பின்னரே தாங்கியின் வெற்றிடத்தைச் சடத்துவ வாயுவால் நிரப்பி, ஒட்சிசனை 8 சதவீதத்துக்கு மேற்படாது வைத்திருக்கும் முறை பெரிய எண்ணெய்க் கப்பல்களில் கட்டாயமாகும் நிலை உருவானது. அந்த வாயு வெளியேறாது காக்க வேண்டுமாயின் மூடியைத் திறக்க முடியாது. எனவே சிறு வால்வு ஒன்றின் மேல் கருவியைப் பொருத்தி, ஆவி வெளியேறாமலே நாடாவை இறக்கும் மூடிய அளவீட்டு முறை வழக்கத்துக்கு வந்தது. தொலைவிலிருந்தே வாசிக்கக்கூடிய ராடரின் பெரும் பயனும் இதுவேயாகும்.

தாங்கியை விளிம்பு வரை நிரப்புவதும் இல்லை. வெப்பத்தில் விரியும் திரவத்துக்கு இடம் விட வேண்டும். வழக்கமாக 95 சதவீதத்தில் முதல் எச்சரிக்கை மணியும் 98 சதவீதத்தில் இறுதி மணியும் ஒலிக்கும். இறுதி மணி, மட்டத்தைக் காட்டும் கருவியில் தங்கியிராது தனித்து இயங்க வேண்டும் என்பது முக்கியமானது. அது ஏன் என்பதற்குக் கரையிலுள்ள களஞ்சியம் ஒன்றில் நிகழ்ந்த அனர்த்தமே சிறந்த சான்று. இலண்டனுக்கு வடக்கேயுள்ள பன்ஸ்பீல்ட் எண்ணெய்க் களஞ்சியத்தில் 2005 டிசம்பர் 11 ஆம் திகதி அதிகாலையில் தாங்கி ஒன்றினுள் பெற்றோல் பாய்ந்துகொண்டிருந்தது. மட்டங்காட்டும் கருவி இடையில் சிக்கி, மட்டம் உயரவில்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது. பாய்ச்சலைத் தானாக நிறுத்தியிருக்க வேண்டிய தனி ஆளியும் செயற்படவில்லை. 250,000 லீற்றருக்கு மேற்பட்ட பெற்றோல் வழிந்து ஆவியாகி, காலை 6 மணியளவில் வெடித்தது. இருபதுக்கு மேற்பட்ட தாங்கிகள் தீக்கிரையாகின. 43 பேர் காயமடைந்தனர். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஆதலால் உயிரிழப்பு ஏற்படவில்லை. பாய்ச்சல் தொடரும் போது மட்டம் மாறாது நிற்பது இயலாத காரியம் என்பதை எவரேனும் உரிய நேரத்தில் கவனித்திருந்தால் அந்த அனர்த்தம் தவிர்க்கப்பட்டிருக்கும்.

கப்பல் கணக்கும் கரைக் கணக்கும்

இத்தனை திருத்தங்களின் பின்னரும் கப்பலின் எண்ணும் கரைத் தாங்கியின் எண்ணும் அச்சொட்டாகப் பொருந்துவதில்லை. இரு பக்க அட்டவணைகளிலும் சிறு பிழைகள் உண்டு. இடையிலுள்ள குழாய் முன்னரே நிறைந்திருந்ததா, வெறுமையாக இருந்ததா என்பதும் கணக்கைப் பாதிக்கும். ஒரு பகுதி ஆவியாகியும் போகும். இதனால் ஒரு கப்பலின் முந்திய பயணங்களில் கப்பற் கணக்குக்கும் கரைக் கணக்குக்கும் இருந்த விகிதத்தை எடுத்து, அதனை அக்கப்பலின் அனுபவக் காரணியாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு பயணத்திலும் 0.2 சதவீதம் கூடுதலாகக் காட்டும் கப்பல், இம்முறையும் 0.2 சதவீதம் கூட்டிக் காட்டினால் ஐயுற வேண்டியதில்லை. திடீரென அது மாறினால் காரணம் தேடியே ஆக வேண்டும்.

மசகு எண்ணெய் வாணிபத்தில் அரை சதவீதம் வரையான குறைவைப் பயண இழப்பாகக் கொள்ளும் வழக்கம் நீண்ட காலமாக இருந்து வந்துள்ளது. அரை சதவீதம் என்பது காதுக்குச் சிறிதாகவே ஒலிக்கும். எமது உதாரணக் கப்பலின் அளவுள்ள சரக்கில் அது 200,000 லீற்றர், அதாவது ஆறு பெரிய பவுசர்கள். இயல்பான இழப்பு எது, கவனக்குறைவு எது, களவு எது என்பதை வேறுபடுத்த வல்லது முறையான அளவீட்டுப் பதிவு மாத்திரமே. எனவேதான் விற்பவர், வாங்குபவர் இருவரும் ஏற்கும் சுயாதீன அளவையாளர் முன்னிலையில், கப்பல் அதிகாரியும் உடனிருக்க அளவெடுத்து, எல்லோரும் கையொப்பமிடுகின்றனர். உடன்பாடு இல்லையெனின் ஆட்சேபக் கடிதம் அப்போதே கையளிக்கப்பட வேண்டும். கப்பல் புறப்பட்ட பின்னர் எழுப்பும் முறைப்பாட்டுக்குச் சான்று கிடைப்பது அரிது.

இலங்கை தனது எண்ணெய்த் தேவைக்குக் கடல் வழி இறக்குமதியையே முற்றாக நம்பியிருக்கும் நாடு. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துடன் 2003 முதல் லங்கா ஐ.ஓ.சி.யும் 2023 முதல் சினோபெக்கும் எரிபொருள் விற்பனையில் உள்ளன. வாங்குவோர் பலராகும் போது அளவீட்டின் முக்கியத்துவமும் பெருகுகின்றது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஏற்றுமதித் துறைமுகத்தில் வழங்கப்பட்ட சரக்குப் பத்திரத்தின் அளவு, இங்கு வந்தடைந்த போது கப்பலில் அளந்த அளவு, கரைத் தாங்கியில் பெறப்பட்ட அளவு ஆகிய மூன்று எண்களையும் ஒரே நியம வெப்பநிலையில் மக்கள் பார்வைக்கு வெளியிடுவது கடினமான காரியம் அல்ல. அவ்வாறு செய்யின் வீண் வதந்திகளும் ஓயும். உண்மையான குறைபாடுகளும் ஒளிந்திருக்க இடமின்றிப் போகும்.

நிரப்பு நிலையத்தில் மானி பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றதா என்று பார்ப்பது எமது மக்களின் வழக்கம். நியாயமான அந்த விழிப்பு, கப்பலின் தாங்கி வரைக்கும் நீள வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.